வேண்டுதலும் விசுவாசமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், ஆதிச்சநல்லூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் பேச என்னை அழைத்தபோது, 'நம் வட்டாரத்தைச் சார்ந்த பொருளாக இருக்கட்டும், வழக்கமான பொருளாக இருக்க வேண்டாம்' என்று அமைப்பாளர் கேட்டுக்கொண்டார். பல ஆண்டுகளாக என் நெஞ்சில் கிடந்து உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு பொருளையே எடுத்துக்கொண்டேன். நம்பிக்கையாலும் செபத்தாலும் நோய் நீங்கும் என்று கிறித்தவர்கள் கொண்டிருக்கும் கொள்கை இக்கரையில் எவ்வாறு வேர்விட்டது, அதற்குத் தமிழ் எத்தகைய சொற்களைத் தந்தது என்பதே அப்பொருள். சமயப் பேருரை ஆற்ற நான் வரவில்லை. சொல்லை ஆராய்வது என் தொழில். அந்த எல்லைக்குள் நின்றே பேசுவேன்.

நாம் கூடியிருக்கும் இந்த மண்ணைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1876ஆம் ஆண்டில் செர்மானியரான யாகோர் இங்கு வந்து அகழ்ந்தார். பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழாய்வு நடத்தினார். 114 ஏக்கர் பரப்பில் தாழிகள் நிறைந்த இடுகாடு வெளிப்பட்டது. பொன்னாலான நெற்றிப் பட்டங்களும் வெண்கலக் கலன்களும் இரும்புக் கருவிகளும் கிடைத்தன. மட்கலங்களில் தானிய உமியும் காணப்பட்டது. இறந்தவர்க்கு வழித்துணையாக உணவு வைத்தனுப்பிய மக்கள், அவர்கள் நோயுற்றுக் கிடந்தபோது யாரை நோக்கி, என்ன சொல்லி வேண்டியிருப்பார்கள்? தாழி அதனைச் சொல்வதில்லை. எலும்பும் இரும்பும் எஞ்சின, சொல் எஞ்சவில்லை. ஆகவே, சொல் எஞ்சியுள்ள காலத்திலிருந்துதான் நாம் தொடங்க இயலும்.

இங்கிருந்து ஆற்றைக் கடந்தால் ஸ்ரீவைகுண்டம். குமரகுருபரர் பிறந்த ஊர். ஐந்து வயது வரை அவர் பேசவில்லை என்றும், பெற்றோர் அவரைத் திருச்செந்தூர் முருகன் திருமுன் கிடத்தி வேண்டினர் என்றும், வாய் திறந்ததும் கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்றும் மரபு கூறுகிறது. அதே திருச்செந்தூருக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய பகழிக்கூத்தர் தீராத வயிற்றுவலி நீங்கப் பெற்றுப் பாடியவர் என்பர். இன்னும் பின்னோக்கினால் திருநாவுக்கரசரின் சூலையும், திருஞானசம்பந்தர் திருநீற்றால் தீர்த்த பாண்டியனின் வெப்பும் நினைவிற்கு வரும். நோயும் வேண்டுதலும் தீர்வும் பாட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசை தமிழுக்குப் பழகிய வரிசை. கிறித்தவம் இக்கரைக்கு வந்தபோது, பாட்டால் பிணி தீரும் என்று ஏற்கெனவே நம்பியிருந்த மக்களிடமே வந்தது. இவ்வுண்மை ஈண்டு நினைக்கத்தக்கது.

1542ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவ்வாண்டு அக்டோபர் 28ஆம் நாள் தூத்துக்குடியிலிருந்து இஞ்ஞாசியாருக்கு அவர் எழுதிய மடலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வழியில் ஓர் ஊரில் ஒரு பெண் மூன்று நாளாகப் பேறுகால நோவில் துடித்துக்கொண்டிருக்கிறாள். பிழைப்பாள் என்ற நம்பிக்கை எவர்க்கும் இல்லை. சவேரியார் அவ்வீட்டிற்குச் சென்று மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தம் நம்பிக்கையை எடுத்துரைக்கிறார். அவள் ஏற்றுக்கொள்கிறாள், திருமுழுக்குப் பெறுகிறாள், நலமாகக் குழந்தை பெறுகிறாள். அவ்வூர் கொம்புத்துறை என்பது மரபு.

1544ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மற்றொரு மடல் இதனினும் இன்றியமையாதது. நோயாளிகளுக்காகச் செபிக்க வருமாறு பலரும் அழைக்கின்றனர். எல்லா வீட்டிற்கும் செல்ல அவருக்கு நேரமில்லை. எனவே மந்திரங்களைக் கற்றுக்கொண்ட சிறுவர்களை அனுப்புகிறார். அவர்கள் நோயாளியின் வீட்டிற்குச் சென்று வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் ஒன்றுகூட்டி, விசுவாச அறிக்கையைப் பலமுறை சொல்லவைக்க வேண்டும். நம்பினால் நலம்பெறுவாய் என்று நோயாளிக்குத் தேறுதல் கூற வேண்டும். இக்கரையில் கிறித்தவச் செபத்தால் நோய் தீர்க்கும் வழக்கத்திற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சித்திரங்களுள் இதுவும் ஒன்று. அச்சித்திரத்தில் மேடை இல்லை, கூட்டம் இல்லை, வரம்பெற்ற பெரியார் ஒருவரும் இல்லை. ஒரு குடிசை, பாயில் ஒரு நோயாளி, சுற்றிலும் அண்டை வீட்டார், நடுவே மணல் ஒட்டிய காலோடு சில பிள்ளைகள்.

அப்பிள்ளைகள் எந்தச் சொற்களைச் சொன்னார்கள்? இங்கேதான் தமிழ் மாணவர்கள் வியக்கத்தக்க ஒரு செய்தி கிடைக்கிறது. சவேரியாரின் தாய்மொழி பாஸ்கு. மக்களின் மொழியை அக்கால வழக்கப்படி 'மலபார்' என்று குறிக்கிறார். இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி, பெருமுயற்சியோடு மந்திரங்களைத் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்து ஒப்பித்தார். பின்னர், 1544இல் தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதிய மடலொன்றில் ஒரு திருத்தம் தருகிறார். விசுவாச அறிக்கையைச் சொல்லும்போது 'எனக்கு வேணும்' என்று சொல்லவேண்டாம். 'வேணும்' என்பதற்கு 'விரும்புகிறேன்' என்று பொருள். அதற்கு மாற்றாக 'விசுவாசம்' என்னும் பொருள்படும் சொல்லைப் பயன்படுத்துக என்கிறார்.

அப்படியாயின், திருத்தம் வரும்வரை இக்கரையின் குடிசைகளில் நோயாளியைச் சூழ்ந்து நின்றவர்கள் 'நான் நம்புகிறேன்' என்று சொல்லவில்லை. 'எனக்கு வேண்டும், எனக்கு வேண்டும்' என்றே சொல்லியிருத்தல் கூடும். மொழிபெயர்ப்பு நோக்கில் அது பிழையே; சவேரியார் திருத்தியதும் முறையே. ஆயினும், பிள்ளைப்பேற்று நோவில் கிடப்பவளுக்கும், காய்ச்சலில் பிதற்றும் மகனருகே அமர்ந்திருக்கும் தாய்க்கும் அதைவிடப் பொருத்தமான செபம் வேறு உண்டா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

தமிழ் அறிந்தோர்க்கு இது புதுமையன்று. 'வேண்டு' என்னும் வினை விரும்புதலையும் குறிக்கும்; தேவைப்படுதலையும் குறிக்கும்; இரந்து கேட்டலையும் குறிக்கும். நம் பாட்டிமார் கோயிலில் செய்ததும் வேண்டுதல். வேளாங்கண்ணிக்கு மஞ்சள் ஆடை உடுத்தி நடந்துசெல்லும் மக்கள் செய்வதும் வேண்டுதல். ஒருவன் வேண்டும்போது தன் குறையைத்தான் முன்வைக்கிறானேயன்றித் தன் தகுதியை முன்வைப்பதில்லை. விசுவாசம் என்னும் சொல்லோ வேறு வகையினது. அதற்கு அளவு உண்டு. குறைவு, நிறைவு என்று பேச இடமுண்டு. ஆகவே, அளக்க வருவோர்க்கும் அதில் இடம் கிடைத்துவிடுகிறது.

மற்றொரு சொல்லாய்வையும் இதனோடு சேர்த்து நோக்குவோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் நோய் நீக்குதலையும் மீட்பு அளித்தலையும் குறிக்க ஒரே வினை வருமிடங்கள் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளாக உதிரப்போக்கால் வருந்திய பெண் இயேசுவின் ஆடையைத் தொட்ட நிகழ்ச்சியில், அவள் நினைப்பிலும் அவர் மறுமொழியிலும் அவ்வினையே வருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவள் வாயில் 'சொஸ்தம்' என்றும், அவர் வாயில் 'இரட்சிப்பு' என்னும் பொருள்படவும் அதனை இரண்டாகப் பிரித்தது. சொஸ்தம் என்பது வடமொழி 'ஸ்வஸ்த'த்தின் தமிழ் வடிவம்; தன்னிலையில் நிலைத்திருத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். உடல் தேறாமலே ஒருவர் தன்னிலையில் நிலைத்திருத்தல் இயலுமா? இவ்வினாவை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்புவேன்.

செபத்தை நம்பிய அம்முன்னோர் மருந்தை மறுத்தாரல்லர். சவேரியாருக்குப் பின் இங்கு உழைத்த அண்டிரிக் அடிகளார், 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறக் காரணராய் இருந்தவர். அவர் காலத்தில், நம் தாமிரவருணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனை நடந்தது. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் 1870களில் நாசரேத்தில் மருத்துவராகவும் குருவாகவும் விளங்கிய ஸ்ட்ரேச்சன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். இன்றும் பலர் 'நாசரேத்தின் தந்தை' என்று போற்றும் மர்காஷிஸ் ஐயர் அதனைத் தொடர்ந்தார். மருந்துப் புட்டியும் செபப் புத்தகமும் ஒரே கையில் இருந்தன.

வள்ளுவப் பெருந்தகை மருந்து அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிசெய்பவர். நான்காம் கூறு பெரும்பாலும் நம் பேச்சில் விடுபட்டுப் போகிறது. சவேரியார் அனுப்பிய பிள்ளைகள் அந்நான்காம் கூற்றைச் சார்ந்தவர்கள் என்பது என் துணிபு. அவர்கள் மருத்துவரின் இடத்தையும் மருந்தின் இடத்தையும் கேட்கவில்லை. தனித்துக் கிடந்த நோயாளியின் வீட்டிற்கு ஊரை அழைத்து வந்தார்கள்.

இனி நம் காலத்திற்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவ்வழக்கம் குடிசையிலிருந்து மைதானத்திற்கு வந்தது. சுரண்டையில் பிறந்து வங்கி ஊழியராக இருந்து ஊழியத்திற்கு வந்த டி.ஜி.எஸ். தினகரன் (1935-2008) அவர்களின் கூட்டங்களில் பல்லாயிரவர் திரண்டதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். நோயாளிகள் மேடையேறிச் 'சாட்சி' சொன்னார்கள். அவற்றைக் கேட்டுத் தேறுதல் அடைந்தோர் ஏராளம். அதனை எள்ளி நகையாட எனக்கு உரிமையில்லை. ஆயினும், பிறர்க்காக அத்துணைச் செபம் செய்த அவரே 1986இல் தம் மகளைச் சாலை விபத்தில் இழந்தார். தம் இறுதிக் காலத்தில் தாமும் நோயுற்று மருத்துவமனையில் மறைந்தார். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. செபிப்பவரும் நோய்க்கும் துயருக்கும் உட்பட்டவரே என்பதை அவர் வாழ்வே காட்டுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

வியத்தகு நலம் உண்டா, இல்லையா என்னும் வழக்கை நான் இங்குத் தீர்க்கப்போவதில்லை. நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் அவர்கள் 2022ஆம் ஆண்டு மே 15இல் புனிதராக அறிவிக்கப்படுவதற்கு, இதயத்துடிப்பு நின்றதாகக் கருதப்பட்ட ஒரு கருவின் உயிர் மீண்ட நிகழ்ச்சி அருஞ்செயலாக ஏற்கப்பட்டது. ஆனால் அதனை ஏற்குமுன் மருத்துவர்களின் ஆய்வு நடந்தது. பிரான்சு நாட்டு லூர்து நகரில் 1858 முதல் இன்றுவரை நலம்பெற்றதாகப் பதிவானவை ஏழாயிரத்திற்கும் மேல். அவற்றுள் திருச்சபை அருஞ்செயல் என்று ஏற்றவை எழுபதை ஒட்டியே உள்ளன. மறுபுறம், அமெரிக்காவில் இதய அறுவைக்கு உட்பட்ட 1,802 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாதவர் செய்த செபத்தால் சிக்கல்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. தமக்காகச் செபிக்கிறார்கள் என்று உறுதியாக அறிந்திருந்தவர்களுக்குச் சிக்கல் சற்று மிகுதியாகவே இருந்தது. நம்புவோரும் ஆய்வோரும் ஒருசேரக் காட்டும் எச்சரிக்கையை நாம் மட்டும் ஏன் கைவிட வேண்டும்?

இவ்வாறு கேட்பதற்கு எனக்கு ஒரு தனிப்பட்ட காரணம் உண்டு. பெருமன்றத்தில் சொல்லத் தயங்கியதுண்டு. எனினும் அதனைச் சொல்லாமல் இவ்வுரை நேர்மையானதாகாது.

என் தாயார் புற்றுநோயால் இறந்தார்கள். மருத்துவமும் நடந்தது, வீட்டில் செபமும் நடந்தது. மாலைதோறும் தெருப் பெண்கள் வந்து பாடுவார்கள், கஞ்சி கொண்டுவருவார்கள், இரவில் முறைவைத்துக் கண்விழிப்பார்கள். அந்த மாலைகளில் அம்மாவின் முகம் தெளிந்திருந்ததை நான் கண்டேன். பிறகு ஒருநாள் வெளியூரிலிருந்து வந்த ஒருவர், கண்ணை மூடிச் செபித்துவிட்டு, 'இந்த வீட்டில் யாரோ ஒருவருக்கு விசுவாசக் குறைவு இருக்கிறது. அதுதான் சுகத்தைத் தடுக்கிறது' என்று சொல்லிச் சென்றார். தீங்கு எண்ணி அவர் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அன்றுமுதல் எங்கள் வீடு மாறிவிட்டது. அம்மா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஓரிரவு என்னிடம், 'ஏட்டி, ஒனக்கு நம்பிக்கை இல்லியா?' என்று கேட்டார்கள். கல்லூரியில் பாடம் நடத்துபவள் நான். விடை சொல்ல வாய் வரவில்லை. சில நாள் கழித்துத் தலையணை உறை மாற்றும்போது, விழுங்காமல் ஒளித்து வைத்திருந்த மாத்திரைகள் உதிர்ந்தன. மாத்திரை உண்பது நம்பாமைக்கு அடையாளம் என்று எண்ணிவிட்டார்கள். மருந்து அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்லமாட்டேன். நோய் அந்த நிலையைக் கடந்திருந்தது. ஆனால் வலி குறைந்திருக்கும். வலியோடு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமந்து அவர்கள் போனார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மை ஒருத்தி இருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். கடைசி வாரங்களில் நாள்தோறும் வந்து, அம்மாவின் உதிர்ந்து எஞ்சிய முடியை நோகாமல் கோதிவிடுவாள். போகுமுன் அவள் சொல்லும் செபம் ஒரே வரி: 'ஆண்டவரே, இவ கூட இரும்.' நலமாக்கும் என்றுகூட அவள் கேட்கவில்லை. அந்த வரியைக் கேட்டபின் அம்மா உறங்குவார்கள்.

இவ்விருவரிடையே உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எனக்குத் துணைசெய்தது, களக்காட்டை அடுத்த டோனாவூரின் வரலாறு. அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் (1867-1951) அம்மையார் 1901 முதல் அங்கு வாழ்ந்து, ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்தார். அவருடைய நெருங்கிய உடனுழைப்பாளர் பொன்னம்மாள் புற்றுநோயுற்றபோது, எல்லாரும் கூடி, வெற்றியின் அடையாளமாகப் படுக்கையின்மேல் ஓர் ஓலைக்கிளையை வைத்து நலத்திற்காக வேண்டினர். நோய் தணியவில்லை; மிகுந்தது. 1915இல் பொன்னம்மாள் மறைந்தார். அதன்பின் அம்மையார் அங்கு ஒரு மருத்துவமனையை எழுப்பியபோது, அதற்கு இட்ட பெயர் 'பரம சுக சாலை'. செபம் கைகொடுக்கவில்லை என்று கடவுளை விடவுமில்லை. கடவுள் இருக்கிறார் என்று மருத்துவரை விடவுமில்லை.

1931 அக்டோபரில் அம்மையார் ஒரு குழியில் தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டார். தொடர்ந்து வந்த நோய்களால் இறக்கும்வரை ஏறத்தாழ இருபதாண்டுகள் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே கிடந்தார். அவருக்காகச் செபித்தோர் எத்தனையோ பேர். உடல் தேறவில்லை. அவ்வறையிலிருந்து அவர் நூல்கள் எழுதினார். 1933இல் வெளிவந்த ஒன்று, நோயாளி நோயாளிகளுக்கு எழுதியது. நலமாயிருப்போர் நோயுற்றோர்க்கு எழுதும் சொற்கள் பல வேளைகளில் படுக்கைவரை வந்து சேர்வதில்லை என்பதை உணர்ந்து எழுதிய நூல் அது. அவர் கல்லறையில் நினைவுக் கல் இல்லை. பறவைகள் நீர் அருந்தும் ஒரு தொட்டியும், அதில் 'அம்மா' என்னும் சொல்லும் மட்டுமே உள்ளன. முன்னர் நான் கேட்ட வினாவிற்கு இது விடையாகலாம். உடல் தேறாமலும் ஒருவர் 'சொஸ்தமாய்' இருத்தல் இயலும் என்று அந்த அறை சொல்கிறது.

கவிஞர் பெருமக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். குணம்பெற்றவர் பாடிய பாட்டு நம்மிடம் நிரம்ப உண்டு. வாய் திறந்த பிள்ளை பாடினான். வயிற்றுவலி நீங்கியவர் பாடினார். மேடையேறிச் சாட்சி சொன்னவர்களும் ஒருவகையில் அம்மரபினரே. ஆனால் திருச்செந்தூருக்குச் சென்றும் பேசாமலே திரும்பிய பிள்ளைகள் இருந்திருப்பார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்துபோயும் தேறாமல் வந்த தாய்மார் உண்டு. அவர்கள் நம்பிக்கை குறைந்தவர்கள் அல்லர். அவர்களுக்கென்று பாட்டு வேண்டும், எழுதுங்கள். 'தேறிவிடுவாய்' என்று வாக்களிக்காத, 'உன்னால்தான் தேறவில்லை' என்று பழிக்காத, படுக்கையருகே வந்து அமர்ந்திருக்கும் பாட்டாக அது இருக்கட்டும்.

நம்புவோர்க்கும் ஒன்று சொல்வேன். வேண்டுங்கள், நானும் இன்றும் வேண்டுகிறேன். ஆனால் நோயாளியின் விசுவாசத்தை அளக்க எவரும் கோல் எடுக்க வேண்டாம். மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை அருகிருந்து, அதன்பின் செபம் செய்யுங்கள். நானூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் இக்கரைப் பிள்ளைகள் பிழையாகச் சொல்லியிருக்கக்கூடிய அந்தச் சொல், 'எனக்கு வேண்டும்' என்பது, இலக்கணப்படி திருத்தத்திற்கு உரியதே. நோயாளியின் வாயில் அது வந்தால் மட்டும் யாரும் திருத்தாதீர்கள்.